காத்து வாங்கும் வண்டி

பழைய லாரி மலையில் நின்றுபோனால் முதல் பழி பம்பின் மேல்தான் விழும். ஏற்றத்தில் இழுக்கவில்லை, காலையில் கிளம்பவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது திடீரென்று அணைந்துவிட்டது என்று எதைச் சொன்னாலும், கேட்பவர் வாயிலிருந்து "பம்பக் கழட்டிப் பாத்துரு" என்றுதான் வரும். டீசலை அளந்து, அழுத்தி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைவைத்து அனுப்புகிற இன்ஜெக்‌ஷன் பம்ப்தான் பழைய வண்டியின் எரிபொருள் வழியில் ஆக நுணுக்கமான உறுப்பு. ஆக விலை கூடியதும் அதுதான். உள்ளே நடப்பது வெளியே தெரியாது என்பதால் சந்தேகமும் முதலில் அங்கேதான் போகிறது. போடிப் பக்கத்துப் பட்டறைகளில் உட்கார்ந்து நான் பார்த்த அளவில், டீசல் கோளாறு என்று வரும் வண்டிகளில் பம்ப் கெட்டிருப்பது குறைவு. டேங்கிலிருந்து பம்புக்கு வரும் சில அடிக் குழாயும், வழியில் இருக்கும் வாஷர்களும் மூடிகளும்தான் வண்டியை நிறுத்துகின்றன. அந்தச் சில அடிகளைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருக்கிறேன்.

எழுத வேண்டிய இடம் ராசிங்காபுரம்தான். போடியிலிருந்து சிலமலை வழியாகத் தேவாரம் போகும் சாலையில் இருக்கிற ஊர். மேற்கே எந்தத் தெருவிலிருந்து பார்த்தாலும் மலை. மலையின் முகடு வரை தமிழ்நாடு. அதற்கு அப்பால் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள். நேர்கோட்டில் அளந்தால் உடும்பன்சோலை இங்கே பக்கத்து ஊர். தேவாரத்திலிருந்து சாக்குலூத்து மெட்டு வழியாகக் கால்நடையாகத் தோட்ட வேலைக்கு ஏறியவர்கள் இந்தப் பகுதியில் உண்டு. அந்த வழியில் சாலை வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. சாலை இல்லாததால் சக்கரம் வைத்த எதுவும் வடக்கே போடிமெட்டுக்கோ தெற்கே கம்பம்மெட்டுக்கோ சுற்றித்தான் ஏற வேண்டும். போடி நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரம். போடிமெட்டு 1,300 மீட்டருக்கும் மேல். முந்தல் தாண்டியதும் தொடங்குகிற 17 கொண்டை ஊசி வளைவுகளில், சுமார் இருபது கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏறியாக வேண்டும். செய்தித்தாள்களுக்கு இந்தப் பகுதியை ஏலக்காய் விலையாலும், பக்கத்துப் பொட்டிப்புரத்தில் வருவதாக இருந்த நியூட்ரினோ ஆய்வகத்தாலும் தெரியும். ஏற்றத்தை அன்றாடம் அளந்து பார்க்கிறவை இங்குள்ள வண்டிகள்தான்.

மலைக்கும் சமவெளிக்கும் நடுவே சரக்கைக் கடத்துவது இங்கே எப்போதுமே பெரும்பாடாக இருந்திருக்கிறது. மூணாறுத் தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷன் வரை சிறு ரயிலில் வந்து, அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, பிறகு போடிக்கு வந்தது. அந்த ரயிலை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. போடிக்கு மதுரையிலிருந்து ரயில் வந்தது 1928-இல். இன்று மலைக்கு மேலே வேண்டியதை ஏற்றிப்போக லாரியையும் ஜீப்பையும் விட்டால் வேறு வழி இல்லை. அரிசி, காய்கறி, சிமெண்டு, ஏலச்செடிக்கு மாட்டுச் சாணமும் ஆட்டு உரமும் இங்கிருந்து மேலே போகின்றன. சாணி லோடு அடிப்பதற்குப் புது லாரியை யாரும் அனுப்புவதில்லை. கடன் முடிந்த, பெயின்ட் போன, பழைய டாடாவும் லேலண்டும்தான் அந்த வேலைக்கு. ஆகவே மலையின் ஆகக் கடினமான ஏற்றத்தில் ஆக வயதான வண்டிகள் முழு லோடோடு ஏறுகின்றன.

டீசல் போகும் வழியை ஒருமுறை நடந்து பார்த்துவிடலாம். டேங்குக்குள் அடிவரை இறங்கும் ஒரு குழாய், அதன் நுனியில் சல்லடை. அங்கிருந்து சேசிஸ் ஓரமாக வரும் பைப், நடுநடுவே ரப்பர் ஹோஸ். பிறகு ஃபீட் பம்ப். டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சுவது இதுதான். இதன் தலையில்தான் கையால் அடிக்கும் பிரைமர் இருக்கும். ஃபீட் பம்பிலிருந்து ஃபில்டர்கள், அவற்றைக் கடந்து பெரிய பம்ப், அங்கிருந்து இரும்புக் குழாய்களில் நாசில்கள். மிச்சம் ரிட்டர்ன் லைனில் டேங்குக்கே திரும்பும். பழைய இன்ஜின்களில் நாசில் திறப்பது சுமார் 200 பார் அழுத்தத்தில். நம் தலைமேல் இருக்கும் காற்றின் அழுத்தம் ஒரு பார். இந்த வழியின் ஒரு கோடியில் அதைப்போல் இருநூறு மடங்கு அழுத்தம் இருக்கிறது. மறுகோடியில், டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில், ஒரு பார் கூட இல்லை. உறிஞ்சுதல் என்று நாம் சொல்வது உண்மையில் வெளிக்காற்று டீசலை உள்ளே தள்ளுவதுதான். காற்றுக்கு இருக்கும் பலத்துக்கு மேல் எந்தப் பம்பாலும் உறிஞ்ச முடியாது. போடிமெட்டு உயரத்தில் அந்தப் பலமும் கடற்கரையில் இருப்பதைவிட ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. இருநூறு பார் இருக்கும் பக்கத்தைக் கண்டு எல்லோரும் பயப்படுகிறார்கள். வண்டியை நிறுத்துவது ஒரு பாருக்கும் குறைவான பக்கம்.

ஏனென்றால் அந்தப் பக்கத்தின் ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. அழுத்தம் உள்ள குழாயில் ஊசிமுனை அளவு விரிசல் இருந்தாலும் டீசல் வெளியே கசியும். தூசி ஒட்டி, கறுத்து, தானே காட்டிக்கொடுத்துவிடும். உறிஞ்சும் குழாயில் விரிசல் இருந்தால் டீசல் வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். இளநீர் குடிக்கும் உறிஞ்சுகுழலில் மேல்பக்கம் சின்ன ஓட்டை விழுந்தால் எவ்வளவு இழுத்தாலும் காற்றுதானே வாய்க்கு வரும், அந்த நிலைமைதான். குழாய் வெளியே உலர்ந்து, சுத்தமாக, ஒரு குறையும் இல்லாமல் இருக்கும். உள்ளே குமிழ் குமிழாகக் காற்று போய்க்கொண்டிருக்கும். பெரிய பம்பின் பிளஞ்சர் டீசலை அழுத்தினால் நாசில் திறக்கும். காற்றை அழுத்தினால் காற்று சுருங்கிக்கொள்ளும், நாசில் திறக்காது. பட்டறையில் இதை "வண்டி காத்து வாங்குது" என்பார்கள்.

காத்து வாங்கும் வண்டிக்குத் தனி நடத்தை உண்டு. இரவு நிறுத்திவைத்தால் குழாயில் நிற்கும் டீசல், காற்று புகுந்த வழியால், மெல்ல டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் செல்ஃப் அடித்தால் சுற்றும், பிடிக்காது. பிரைமரை நாலு அடி அடித்து, ஃபில்டர் மேலிருக்கும் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை போகவிட்டு, குமிழில்லாத டீசல் வந்ததும் இறுக்கினால் பிடித்துக்கொள்ளும். இதைத்தான் ஏர் எடுப்பது என்பார்கள். பிறகு பகல் முழுக்க ஓடும். பிரைமர் அடித்ததும் ஓடுகிறது என்றால் பெரிய பம்பும் நாசிலும் சரியாகத்தான் இருக்கின்றன என்று அந்த வண்டியே சொல்லிவிட்டது. அதைக் கேட்காமல் பம்பைக் கழற்றுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பம்பைக் கழற்றி, தேனிக்கோ மதுரைக்கோ அனுப்பி, காலிபரேஷன் செய்து, டைமிங் வைத்துத் திரும்பப் பூட்டுவதற்குள் உரிமையாளரின் ஒரு மாத வருமானம் போய்விடும். மறுநாள் காலையில் வண்டி அதேபோல் கிளம்பாது.

காற்று எங்கே புகுகிறது என்று கண்டுபிடிக்கும் முறைகள் எளிமையானவை. ஃபீட் பம்புக்குப் போகும் ஹோஸில் ஒரு சாண் அளவு வெட்டிவிட்டு, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைச் செருகி, இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தால் குமிழ் தெரியும். குமிழ் தெரிந்தால் அந்தக் குழாயை டேங்குப் பக்கமாக ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். எந்த இணைப்பைத் தாண்டியதும் குமிழ் நிற்கிறதோ அங்கே வாசல். இன்னொரு வழி, ஒரு கேனில் சுத்தமான டீசலை ஊற்றி, கேபினுக்கு மேலே கட்டி, அங்கிருந்து நேரே ஃபீட் பம்புக்கு ஹோஸ் கொடுத்து ஓட்டிப் பார்ப்பது. கேன் டீசலில் ஏற்றம் ஏறுகிறது, டேங்க் டீசலில் ஏறவில்லை என்றால், கோளாறு எந்தப் பாதியில் என்பது அப்போதே முடிவாகிவிடும். எந்த நோயையும் இப்படி இரண்டாகப் பிரித்துப் பார்ப்பதுதான் முதல் அறிவு என்று நான் நம்புகிறேன்.

வாசல் பெரும்பாலும் காப்பர் வாஷராக இருக்கும். குழாயைப் பூட்டும் பான்ஜோ போல்ட்டின் இரு பக்கமும் உட்காரும் அந்தச் செம்பு வளையம் ஒருமுறை நசுங்கி இறுகினால் கெட்டியாகிவிடும். இரண்டாவது முறை பூட்டும்போது பரப்போடு படியாது. புது வாஷர் கையில் இல்லையென்றால் பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார்கள். எஃகை அப்படிச் செய்தால் இன்னும் கெட்டியாகும். செம்பு மென்மையாகிவிடும். தேய்த்துச் சுத்தம் செய்து பூட்டினால் புதிதுபோல் படியும். உலோகவியல் என்ற பெயர் கேள்விப்படாத கைகள் இதைச் செய்வதை நான் பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். கேஸ் அடுப்பின் நீலத் தீயில் இடுக்கி பிடித்து, செம்பின் நிறம் மாறும் நொடிக்காகக் காத்திருக்கும் அந்த முகத்தில் இருக்கும் கவனம் எந்த ஆய்வகத்துக்கும் குறைந்ததல்ல.

இந்த இடத்தில் ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். பழைய ஆறு சிலிண்டர் டாடா. பூப்பாறைக்கு அப்பால் ஒரு தோட்டத்துக்குச் சாணி லோடு. முந்தல் வரை குறையில்லை. வளைவுகள் தொடங்கி, பாதி மலை ஏறியதும் இழுவை குறைந்து, இருமி, நின்றுவிடும். கிளீனர் குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை போடுவார். அரை மணி நேரம் நின்றால் தானாகக் கிளம்பும், சில வளைவு ஏறும், மறுபடி நிற்கும். இறக்கத்தில் ஒன்றும் ஆகாது. சமவெளியில் ஒன்றும் ஆகாது. பம்ப் ஏற்கெனவே காலிபரேஷனுக்குப் போய் வந்துவிட்டது, ஃபில்டர் இரண்டும் புதுசு.

"ஆறவிட்டா ஓடுதுண்ணே. அப்ப சூட்டுக்குத்தான் பம்ப் மடக்குது" என்றார் டிரைவர்.

"சூடுதான்னு எப்படிப்பா சொல்ற? நின்ன ஒடனே டேங்க் மூடியத் தொறந்து பாத்தியா?" என்று கேட்டார் மெக்கானிக்.

"அதுக்கும் இதுக்கும் என்னண்ணே?"

"தொறந்து பாத்துட்டு வந்து சொல்லு."

அடுத்த லோடில் வண்டி நின்றதும் டிரைவர் மூடியைத் திருகியிருக்கிறார். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்த சத்தம் கிளீனருக்கும் கேட்டிருக்கிறது. செல்ஃப் அடித்ததும் வண்டி பிடித்துவிட்டது. ஆறவிட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பழைய மூடி தொலைந்துபோய், வேறு ஏதோ வண்டியின் மூடியைப் போட்டிருந்தார்கள். அதில் காற்றோட்டத் துளை இல்லை. டேங்கிலிருந்து டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். சமவெளியில் இன்ஜின் குடிப்பது கொஞ்சம். மூடியின் ஓரக்கசிவில் வரும் காற்றே அதற்குப் போதும். முழு லோடில், இரண்டாவது கியரில், வளைவுக்கு மேல் வளைவாக ஏறும்போது குடிப்பது பல மடங்கு. வருகிற காற்று போதாமல் டேங்குக்குள் வெற்றிடம் வளரும். ஒரு கட்டத்தில் ஃபீட் பம்பின் இழுப்பும் டேங்கின் இழுப்பும் சமமாகி, டீசல் அசையாமல் நின்றுவிடும். அரை மணி நேரக் காத்திருப்பில் காற்று மெல்லக் கசிந்து நிரம்பிவிடுகிறது. பம்ப் ஆறியதால் ஓடியதாக டிரைவர் நினைத்தது அதனால்தான்.

இந்தச் சம்பவத்தில் என்னை வெகுநாள் யோசிக்கவைத்தது மூடியைத் திறந்து பார்த்தாயா என்ற அந்தக் கேள்விதான். வெப்பம், வெற்றிடம் இரண்டுமே காத்திருந்தால் தணிந்துவிடும். ஆகவே காத்திருத்தல் இரண்டையும் பிரித்துக் காட்டாது. நின்ற உடனே மூடியைத் திறந்தால் வெற்றிடம் அந்த நொடியில் தீரும், வெப்பம் அப்படியே இருக்கும். இரண்டு காரணங்களில் ஒன்றை மட்டும் தொடுகிற ஒரு செயலைத் தேடிப் பிடிப்பதைத்தான் அறிவியல் சோதனை என்று பாடத்தில் படித்தோம். இங்கே கிரீஸ் படிந்த ஒரு கை காதுக்குப் பின்னால் சொருகிய பென்சிலைக்கூட எடுக்காமல் அதைச் செய்துவிட்டது.

மூடியைப்போலவே மலிவான வேறு சிலவும் உண்டு. இன்ஜினை அணைக்க இழுக்கும் ஸ்டாப்பர் கேபிள் துருப்பிடித்துப் பாதியில் நின்றால் டீசல் பாதிதான் போகும். ஆக்சிலேட்டர் கம்பி தேய்ந்து, மிதி முழுக்க மிதித்தும் பம்பின் லிவர் முழுக்கத் திரும்பாமல் இருக்கும். பல வருடம் மாற்றாத ஹோஸ் உட்புறம் ஊதி, உரிந்து, நாக்குப் போல் தொங்கி வழியை மூடும். வெளியே நன்றாகவே இருக்கும். டேங்கில் கால் பங்குக்கும் குறைவாக டீசல் இருந்தால், கொண்டை ஊசியில் வண்டி சாயும்போது உறிஞ்சுகுழாயின் நுனி வெளியே தெரிந்து காற்றை இழுத்துவிடும். இவற்றை எல்லாம் பார்த்து முடிக்க ஒரு காலைப்பொழுது போதும். குளிர்நாட்டுக் கையேடுகளில் டீசல் உறைந்து மெழுகாவதைப் பற்றி நீளமாக எழுதியிருப்பார்கள். நம் மலைக் குளிருக்கு அந்தக் கவலை இல்லை.

நம் கவலை தண்ணீர். ஏலமலையில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் எல்லாம் ஈரம்தான். பாதி காலியான டேங்கில் இருக்கும் காற்றின் ஈரம் இரவுக் குளிரில் படிந்து, கொஞ்சம் கொஞ்சமாக அடியில் சேரும். தண்ணீர் டீசலைவிடக் கனம் என்பதால் உறிஞ்சுகுழாய்க்குப் பக்கத்திலேயே போய் உட்காரும். அதனால்தான் பழைய டிரைவர்கள் மாலையில் டேங்கை நிரப்பிவிட்டு வண்டியை நிறுத்துவார்கள். தோட்டங்களில் பேரலில் டீசல் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு ஆபத்து. 200 லிட்டர் பேரலை வெளியே நிமிர்த்தி வைத்தால் மேல் விளிம்புக்குள் மழைத்தண்ணீர் தேங்கும். பகலில் வெயில் பட்டு உள்ளிருக்கும் காற்று விரிந்து மூடியின் மரை வழியாக வெளியேறும்; இரவில் குளிர்ந்து சுருங்கும்போது காற்றுக்குப் பதிலாக அந்தத் தண்ணீரையே உள்ளே இழுக்கும். மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது என்று சத்தியம் செய்வார்கள். பேரலைச் சாய்த்தோ படுக்கவைத்தோ வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் கோட்டில் நுண்ணுயிர்கள் வேறு வளரும். ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றும்போது கறுப்பாக, வழவழவென்று கூழ் வந்தால் அது அவற்றின் வேலை.

பம்ப் உண்மையாகவே சாவது இப்படித்தான். பிளஞ்சருக்கும் அது ஓடும் உருளைக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்குதான். அதற்குத் தனியாக ஆயில் கிடையாது; டீசலே அதற்கு எண்ணெய். அங்கே தண்ணீர் போனால் துரு, தூசி போனால் கீறல். கந்தகம் வெகுவாகக் குறைக்கப்பட்ட டீசல்தான் 2020 ஏப்ரலிலிருந்து நாடெங்கும் கிடைக்கிறது, 10 பிபிஎம்-க்கு மேல் இல்லை. அப்படிச் சுத்திகரிக்கும்போது டீசலின் இயல்பான வழவழப்பும் குறைவதால் அதை ஈடுகட்ட மருந்து சேர்த்துத்தான் விற்கிறார்கள். அதில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டுகிறவர் தம் பம்பைத் தாமே அறுக்கிறார்.

இந்தப் பம்ப் வந்ததால்தான் டீசல் லாரி என்ற ஒன்றே வந்தது. ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் ஓட்டிக்காட்டிய இன்ஜின், எரிபொருளை உள்ளே செலுத்த அழுத்தக் காற்றைப் பயன்படுத்தியது. அந்தக் காற்றைத் தயாரிக்கத் தனிக் கம்ப்ரசர் வேண்டும். வண்டியில் ஏற்ற முடியாத பாரம். 1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது என்பது கடலை விளையும் நம் பக்கத்தினருக்கு நினைவில் இருக்க வேண்டிய செய்தி. 1927-இல் பாஷ் நிறுவனம் இன்ஜெக்‌ஷன் பம்பைப் பெருவாரியாகச் செய்யத் தொடங்கிய பிறகுதான் டீசல் சாலைக்கு முழுமையாக வந்தது. 1951-இல் மைக்கோ நிறுவனம் தொடங்கியது; நம் மெக்கானிக்குகளுக்குப் பம்ப் என்றால் வெகுகாலம் மைக்கோதான். 1954-இல் டாடாவின் டெல்கோ ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு கூட்டுச் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்தது, 1955-இல் அசோக் லேலண்ட் தன் இன்றைய பெயரை எடுத்தது.

அதற்கும் முந்தைய அத்தியாயம் ஒன்றை மதுரைப் பக்கத்து முதியவர்கள் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபோது பஸ்கள் கரி வாயுவில் ஓடின. பின்னால் ஓர் உலை, அதில் கரி, அதிலிருந்து வரும் வாயு இன்ஜினுக்கு. டிவிஎஸ் நிறுவனமே அந்த உலைகளைத் தயாரித்தது. எரிபொருளின் பாதையை ஓட்டுநரே தினமும் கிளறிச் சுத்தம் செய்த காலம் அது. பிறகு கமலை போய், கிணற்று மேட்டில் ஆயில் இன்ஜின் உட்கார்ந்தபோது, லாரியே ஏறியிராத சம்சாரிகளும் ஏர் எடுக்கக் கற்றுக்கொண்டார்கள். ராசிங்காபுரம் போன்ற ஊர்களில் டீசல் அறிவு லாரிக்கு முன்பே கிணறு வழியாக வந்துவிட்டது என்பது என் எண்ணம்.

புகையைப் பற்றிப் பேசாமல் பழைய வண்டியைப் புகழ எனக்கு மனம் வராது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் திட்டவட்டமாக அறிவித்தது. ஏற்றத்தில் கரும்புகை கக்கும் லாரிக்குப் பின்னால் திறந்த ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து வேலைக்குப் போகும் பெண்கள் அந்தப் புகையைத் தினமும் மூச்சில் வாங்குகிறார்கள். உயரம் கூடக்கூடக் காற்று மெலிவதால், டர்போ இல்லாத இன்ஜின் கீழே எரித்த அதே டீசலை மேலே முழுதாக எரிக்க முடியாது. கொஞ்சம் புகை தவிர்க்க இயலாதது. ஆனால் இழுவைக்காகப் பம்பின் அளவைத் திருகிக் கூட்டிவைப்பதும், சொட்டுகிற நாசிலோடு வருடக்கணக்கில் ஓட்டுவதும் தவிர்க்கக்கூடியவை. ஐடிலில் ஓடும்போது ஒவ்வொரு நாசில் குழாயின் நட்டையும் பதினேழாம் நம்பர் ஸ்பேனரால் தளர்த்திப் பார்த்தால், எதைத் தளர்த்தியும் இன்ஜின் சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று தெரிந்துவிடும். அந்த நேரத்தில் தெறிக்கும் டீசலுக்கு எதிரே கையை வைக்கக் கூடாது. நாசிலைக் கழற்றிச் சோதிக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், விரலையே இழக்க நேரலாம்.

வளைவில் வண்டியை நிறுத்தி ஏர் எடுக்கிறவர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள் உண்டு. ஏர் ஸ்க்ரூவிலிருந்து வரும் டீசலை ஒரு டப்பாவில் பிடியுங்கள். தாரில் சிந்திய டீசலின் மேல் சாரல் விழுந்தால், அடுத்து வரும் பைக்குக்கு அங்கே பிடிமானம் கிடையாது. சக்கரத்துக்கு வைத்த கல்லைக் கிளம்பும்போது எடுத்து ஓரத்தில் போடுங்கள். இருட்டில், பனியில், நடுச்சாலையில் கிடக்கும் அந்தக் கல் இன்னொரு குடும்பத்தின் துயரமாகும்.

தமிழில் ஏர் பிடிப்பதைப் பற்றியும் கமலை இறைப்பதைப் பற்றியும் அருமையாக எழுதியிருக்கிறார்கள். லாரிப் பட்டறையின் யோசனைமுறை எழுத்தில் அரிதாகவே வருகிறது. ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் ஓராண்டுப் படிப்பு இருக்கிறது, பாடநூல்கள் தமிழிலும் இருக்கின்றன. அவை உறுப்புகளையும் வேலையின் வரிசையையும் சொல்கின்றன. நின்ற உடனே மூடியைத் திற என்று ஒருவருக்கு எப்படித் தோன்றியது என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் எழுதுகிறவர்கள். அந்த அறிவு கைமாறுவது இப்போது குறைந்துவருகிறது. கிளீனர் இல்லாமல் ஓடும் லாரிகள் கூடிவிட்டன. கிளீனராக ஏறி, டிரைவராகி, பாதி மெக்கானிக்காகவும் ஆகிற அந்தப் பழைய பள்ளிக்கூடத்துக்குப் பையன்கள் வருவதில்லை. வராததற்கு அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கூலியும் மரியாதையும் அங்கே இருந்ததே இல்லை.

புது லாரி வந்துவிட்டது, இனி இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பி.எஸ். 6 வண்டியில் காமன் ரெயில். அழுத்தம் 1,600 பாருக்கும் மேல் போகிறது. எவ்வளவு, எப்போது என்பதைக் கணினி முடிவு செய்கிறது. அங்கே ஸ்பேனரால் நட்டைத் தளர்த்திப் பார்க்கவே கூடாது. ஆனால் டேங்க் இன்னும் டேங்க்தான். உறிஞ்சுகுழாய், ஹோஸ், கிளாம்ப், தண்ணீர் பிரிக்கும் கிண்ணம், கையால் அடிக்கும் பிரைமர் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஒரு பாருக்கும் குறைவான அந்தப் பக்கம் மாறவில்லை. அங்கே காற்று புகுந்தால் ஸ்கேனர் சொல்வது "ரெயில் அழுத்தம் குறைவு" என்பதை மட்டும்தான். எதனால் குறைவு என்று அதற்குத் தெரியாது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு லட்சக் கணக்கில் எஸ்டிமேட் போட முடியும்.

சாலையோரப் பட்டறை ஒன்றில் அண்மையில் பார்த்தேன். ஐ.டி.ஐ. முடித்த பையன், லேப்டாப்பை ஒரு புது வண்டியின் பானெட் மேல் வைத்திருந்தான். ரெயில் அழுத்தம் குறைவு என்ற அதே எரர் கோடுதான் வந்திருந்தது. வேறெங்கோ பம்ப் மாற்றச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்று உரிமையாளர் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். பையன் ஃபில்டருக்கு வரும் ஹோஸைக் கழற்றி, ஒரு சாண் பிளாஸ்டிக் குழாயைச் செருகினான். ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தான். குமிழ் ஓடியது. டேங்குப் பக்கம் கிளாம்ப்புக்கு உள்ளே ஹோஸ் வெடித்திருந்தது. வெளியே ஒரு சொட்டு இல்லை. வெடித்த பாகத்தை வெட்டி எறிந்துவிட்டு, புது ஹோஸ் மாட்டி, இரண்டு கிளாம்ப் இறுக்கி, பிரைமர் அடித்து, எரர் கோடை அழித்தான். லோடோடு முந்தல் தாண்டி நாலு வளைவு ஏற்றிப் பார்த்துவிட்டு வந்த பிறகு காசு கொடுத்தால் போதும் என்றான்.